பெயருக்குக் கீழே டைலர்

“மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?”

பிரிண்டிங் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். அந்த மாப்பிள்ளையாகிய நான் அவருக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“மேனேஜர். எக்ஸ்போர்ட் கம்பெனில.”

அவர் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அடித்து, அதற்குக் கீழே மேனேஜர் என்று போட்டார். தங்க நிறத்தில் பட்டையான எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வேலையில் இருக்கிறவன் எவனாக இருந்தாலும் நல்லா இருக்கட்டும். நான் அவனில்லை.

“அதை அழிச்சுட்டு டைலர்னு போடுங்க,” என்றேன்.

அவர் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். திருப்பூரில் எத்தனையோ கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடித்திருப்பார். சூப்பர்வைசரை மேனேஜர் என்றும், நாலு மெஷினை வாடகைக்கு எடுத்துப் போட்டவனை மேனேஜிங் டைரக்டர் என்றும் ஏற்றி ஏற்றிப் போட்டே அந்தக் கடை ஓடியிருக்கும். இறக்கிப் போடச் சொல்லி ஒருவன் வந்து உட்கார்ந்தால் அவரும்தான் என்ன செய்வார்?

“ஊட்ல பேசி முடிவு பண்ணிப்போட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற டைலர். வெட்டி வருகிற பனியன் துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைப்பது என் வேலை. அப்பாவும் டைலர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தன் கல்யாணத்துக்கு முன்பே பஸ் ஏறி வந்து, ஒரு பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தவர், கண் மங்குகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கி வரும்போதெல்லாம், கூடினாலும் குறைந்தாலும், ஒரே பேச்சுதான். “நான் மிஷின்ல உக்காந்தது நீ உக்காரக் கூடாதுன்னுதாம்லே.”

நானும் படித்தேன். இன்ஜினியரிங் முடித்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். ஏசி அறை, இன் பண்ணிய சட்டை, கழுத்தில் ஐடி கார்டு. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக்குத் துணி எடுக்கப் போகும்போதுகூட அந்தக் கார்டை மாட்டிக்கொண்டு வரச் சொல்வார் அப்பா. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவதும், சாம்பிள் ஏன் லேட் என்று கேட்டு சாயம் போடுகிற டையிங்காரர்களிடம் வசவு வாங்குவதும்தான் என் உத்தியோகம். சாப்பிடும்போது போன், தூங்கும்போது போன். சம்பளம் மட்டும் மாதம் முடிகிற வரைக்கும் தாக்குப்பிடிக்காது. கடைசி வாரத்தில் வண்டிக்கு பெட்ரோல் போட அம்மாவிடம் போய் நிற்பேன். அம்மா வீட்டில் உட்கார்ந்து பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக் கொடுத்துச் சேர்த்த காசு அது. ஏசியில் உட்கார்ந்தவனுக்கு பிசிறு வெட்டுகிறவள் பெட்ரோல் போட்டாள். வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றால் எனக்கு அதுதான்.

அதனால் ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். காலேஜ் லீவுகளில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் மெஷின் ஓட்டிய பழக்கம் கையில் இருந்தது. பீஸ் ரேட்டுக்குச் சேர்ந்து தைக்கிற குழுவை இங்கே பேட்ச் என்பார்கள். அப்படி ஒரு பேட்சில் சேர்ந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை கூலி வந்தது. ஆபீஸ் நாற்காலியில் பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. டைலர் வேலை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கழுத்து பிடித்துக்கொள்ளும். மூக்கில் பஞ்சு ஏறும். ஆர்டர் இல்லாத மாதம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். ஆனால் ஷிப்ட் முடிந்து மெஷினை அணைத்தால் அன்றைக்கு அத்தோடு முடிந்தது, யாரும் போன் போட்டுத் திட்டமாட்டார்கள்.

அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் மட்டும் வேறு கதை சொல்லியிருக்கிறார். நான் வேலையை விட்ட அதே மாதம் ஊரில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்து, மேனேஜராகிவிட்டிருந்தேன். ஊரிலிருந்து போன் செய்த பெரியப்பா வாழ்த்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

திருப்பூர் நல்லூரில் நாங்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு வேறு கவலை. என்னை டிபன் பாக்ஸோடு பார்க்கும்போதெல்லாம் நிறுத்துவார். “ஏனுங் கண்ணு, எத்தன நாளைக்கு அடுத்தவங்க மிஷின்ல உக்காருவீங்க? சொந்தமா நாலு மிஷின் போட்டுக்குங்க. முதலாளி ஆயிப்போடுங்க.” நல்ல மனசோடுதான் சொல்வார். அவர்கள் காலத்தில் அப்படி ஆனவர்கள் உண்டு. அவர் வீட்டுக்காரரே ஆனவர்தான். அதே நாலு மெஷினைப் போட்டு, வந்த ஆர்டர் நின்று, மெஷினை விற்று, மறுபடி அடுத்தவர் மெஷினில் வந்து உட்கார்ந்தவர்கள் என் பேட்சிலேயே இருக்கிறார்கள் என்று சொன்னால் அந்தம்மாவின் காதில் ஏறாது. அப்பாவுக்கு நான் ஏசி அறைக்குப் போக வேண்டும். வீட்டுக்காரம்மாவுக்கு நான் முதலாளி ஆக வேண்டும். நான் இப்போது என்னவாக இருக்கிறேன் என்று மட்டும் யாருக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிரஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்கியது. இங்கேயே பிறந்து வளர்ந்ததால் கோபம் வந்தாலும் என் வாயை விட்டு இந்த ஊர் ‘ங்க’ போகாது. அப்பாவுக்கு அதுவே பெரிய எரிச்சல்.

“பொய் எதுக்குங்கப்பா? நான் என்ன திருடவா செய்யறனுங்க?”

“இந்த ‘ங்க’ போட்டு என்னைய மயக்காத. டைலர்னு போட்ட கார்ட எந்த மூஞ்சிய வச்சிகிட்டு ஊருக்குக் கொண்டுபோவேன்? என் கூடப்பொறந்த அண்ணன் வீட்டு விசேசத்துலயே, பனியன் தைக்கிறவன் வந்துட்டான்னு என்னைக் கடைசி வரிசையில உக்கார வச்சானுவ. அதக் கழுவத்தாம்லே உன்னப் படிக்க வச்சேன்.”

“கழுவறதுக்கு அது என்ன அழுக்குங்களாப்பா?”

அப்பா கொடியிலிருந்து சட்டையை உருவினார். எனக்கு அடங்கவில்லை. “உங்க பேருக்குக் கீழயும் டைலர்னு போடச் சொல்றேன். அந்த வேலையிலதானே என்னைப் படிக்க வச்சீங்க?”

“எம் பேரு சும்மா கெடக்கட்டும்,” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா பிசிறு வெட்டுவதை நிறுத்தவே இல்லை. கத்தரி சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

கட்டிக்கப்போகிறவளுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எங்கள் பேட்ச் தைக்கிற கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற பனியன்களில் ஓட்டை, அழுக்கு, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. நான் தைத்ததையே பலமுறை திருப்பி எறிந்திருக்கிறாள். பழக்கமே அப்படித்தான் ஆரம்பித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என் பேருக்குக் கீழ என்ன போட்டாங்க?” என்றாள்.

“பி.காம்.”

“அவ்வளவுதானா? அப்ப நான் வேலைக்கே போகலையா? செக்கிங்னு போடச் சொல்லுங்க. இல்லைன்னா உங்க பேருக்குக் கீழயும் ஒண்ணும் வேண்டாம்.”

மறுநாள் நான் மட்டும் பிரஸ்ஸுக்குப் போனேன். எனக்கு டைலர், அவளுக்கு செக்கிங். பிரஸ்காரர் அடித்து முடித்து, “நெசமாலுமே இப்படியே போட்டறலாமுங்களா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தார். பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தது. அப்பா அதைத் தொடவில்லை. ஊருக்கு அழைக்கப் போனபோதும் கையை வீசிக்கொண்டு பஸ் ஏறினார். வாயால் அழைத்துவிட்டு வருவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கிப் போகத் தோன்றவில்லை. இன்றைக்கு மேனேஜர் என்று தலையாட்டினால் சாகும்வரை ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் சட்டையை இன் பண்ண வேண்டும்.

கல்யாணம் நல்லூரிலேயே ஒரு சின்ன மண்டபத்தில். எங்கள் பேட்ச்காரர்கள் முந்தின நாளே வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். நான் மெஷினில் உட்கார்ந்திருக்கிற போட்டோ, பக்கத்தில் அவள் செக்கிங் டேபிளில் நிற்கிற போட்டோ. ‘எங்கள் பேட்ச் டைலர் மாப்பிள்ளைக்கு வாழ்த்துகள்’ என்று சிவப்பில் ஆளுயர எழுத்து. ஒடிசாவிலிருந்து வந்து எங்களோடு தைக்கிற ஒருவன், எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமலே அதன் முன்னால் நின்று செல்பி எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். காலையில் அப்பா அந்த பிளெக்ஸைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் வாழைமரம் இடம் மாறி அதன் முன்னால் வந்து நின்றது. மரம் என் முகத்தை நன்றாக மறைத்தது. டைலர் என்ற எழுத்தை மறைக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, ஆட்கள் மேடைக்கு வரத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து வேனில் வந்த கூட்டத்துக்கு முன்னால் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். திருநீறு பூசி ஆசீர்வாதம் செய்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். எங்கள் பத்திரிகை இல்லை. வேறு நிறம், வேறு எழுத்து. அதில் என் பெயருக்குக் கீழே மேனேஜர் என்று இருந்தது. ஊருக்கென்று அப்பா தனியாக அடித்திருக்கிறார்.

“ஏலே, இதுல மேனேஜர்னுல்லா போட்டிருக்கு. வாசல்ல என்னமோ டைலர்னு எழுதி வச்சிருக்கானுவ?”

மேடைக்குக் கீழே அப்பா சந்தனத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டுவிட்டது. என்னையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பயல்கள் கிண்டலுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியப்பா சிரித்துவிட்டு சாப்பிடப் போய்விடுவார். அப்பாவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, இப்படியொரு கார்டை அடித்தாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“டைலர்தான் பெரியப்பா,” என்றேன். “ஓவர்லாக் ஓட்டுறேன். இவ செக்கிங். அப்பாவும் டைலர்தான். நல்ல டைலர். அதை மட்டும் ரெண்டு கார்டுலயும் போடாம விட்டுட்டாரு.”

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா பத்திரிகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். அப்பா தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போனார். அதற்குப் பிறகு எடுத்த ஒரு போட்டோவிலும் அவர் இல்லை.

பந்தி முடிகிற நேரத்தில் நானும் அவளும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனோம். அங்கே பெரியப்பா அப்பாவை ஓரமாக நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். சண்டை போடுகிறார் என்று நினைத்து வேகமாகப் போனேன். பெரியப்பாவின் குரல் சண்டைக் குரலாக இல்லை.

“எம் மவன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு வீட்லதான் கெடக்கான். ஊர்ல வேலையில இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். உம் மவன் மேனேஜர்னதும் உங்கிட்ட வாயத் தொறக்கக் கூச்சமா இருந்துச்சுப்பா. இப்பம் கேக்கலாம்லா? அவனுக்கும் ஒரு மிஷின் பாத்துக் குடேன்.”

அப்பா ஈரக்கையைத் துடைக்காமலே நின்றார். பிறகு என் பக்கம் தலையைக் காட்டினார். “டைலர் இந்தா நிக்கான். அவன்ட்ட கேளு.”

அன்று அப்பா என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அதற்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

“அனுப்பி வைங்க பெரியப்பா. எங்க பேட்ச்லயே சேத்துக்கலாம், பழக்கி விடறேன். ஒரே ஒரு கண்டிஷன். ஊர்ல அவன மேனேஜர்னு சொல்லக் கூடாது.”

பெரியப்பா தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “மேனேஜர்னு சொல்லலலே. ஒரு சூப்பர்வைசர்னாவது சொல்லிக்கிடுதேனே?”

நான் வாயைத் திறப்பதற்குள் இந்த முறையும் அப்பா முந்திக்கொண்டார்.

“வேண்டாம்ண்ணே. பொறவு அவன் கல்யாணத்துக்கும் ரெண்டு கார்டு அடிக்கணும்.”