சோப்புக் கோடு

வடசேரிப் பட்டறையில் அன்று பஸ் முதலாளியான என் மாமா இருந்தார், நான் இருந்தேன், உலோகம் பற்றவைக்கும் ஒட்டுக்காரர் இருந்தார். வண்டியைப் பாறையில் ஏற்றி எஞ்சினின் அலுமினிய அடிப்பெட்டியை உடைத்த டிரைவர் மட்டும் இல்லை. வயலை ஒத்திக்கு வைத்து வாங்கிய வண்டி அது. நின்ற நாளிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

ஒட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். புருவம் இரண்டும் கருகிப் போயிருந்தன. எந்த வேலையைத் தொடுமுன்பும் மடியிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார்.

"ஈயப்பற்று நிக்காது. கேஸ் தீதான் வைக்கணும்" என்று சொல்லி, விரிசலின் ஓரத்தில் சோப்பால் கோடு போட்டார்.

"என்னவே, குளிப்பாட்டப் போறீரா?" என்றேன்.

"கோடு கறுத்தா சூடு போதும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காதுவே. வெக்கங்கெட்ட சாமான், சொல்லாம உருகிப்போவும்."

எங்கள் குடும்பத்தில் முதலில் இங்கிலீஷ் படித்தவன் நான். சிவக்கும்வரை காய்ச்ச வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதை எடுத்துச் சொன்னேன். அது இரும்பைப் பற்றிய அத்தியாயம் என்பதைக் கவனிக்கவில்லை.

"படிச்ச பிள்ள சொல்லுகான்லா, தீயைக் காட்டும்" என்றார் மாமா.

கோடு கறுத்தது. ஒட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இன்னும் காட்டும்படி தலையாட்டினேன். பெட்டி சிவக்கவேயில்லை, வெந்து குழைந்த மரச்சீனிக் கிழங்குபோல் இடிந்து விழுந்தது.

"தெரிஞ்சும் ஏன்வே காட்டினீரு?" என்று அவரிடம் கேட்டேன்.

"நீரு படிச்சவருல்லா. ஒருவேளை சிவந்துட்டா பாக்கலாமேன்னு நெனச்சேன்."

அது கிண்டலா, ஆசையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மெட்ராஸிலிருந்து புதுப் பெட்டி வர நூற்றைம்பது ரூபாய் ஆனது. அவர் கூலி வாங்கவில்லை. தேய்ந்த சோப்புக்கு மட்டும் அன்றைய சில்லறையான ஒரு சக்கரக் காசு வாங்கிக்கொண்டார்.