பேசாதிருந்த சாரல் காலம்

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். நான் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுக்கு மட்டுமல்ல, பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். அந்தக் குரல் போன வருடம் சாரல் தொடங்கிய நேரத்தில் உடைந்துபோனது. தொண்டைக்குள் சிறு முடிச்சு என்றார் பாளையங்கோட்டை டாக்டர். அதை ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு, "நான் சொல்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மேலகரத்தில் எங்கள் வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான். மாமி என் கணவரின் உம்மா. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். எனக்கும் மாமிக்கும் தினமும் வாக்குவாதம் உண்டு. மீன் குழம்பில் புளி கூடினாலும் போதும், மழையில் துணி நனைந்தாலும் போதும். இருவருமே விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே மாமி ஆரம்பித்தார்கள். "தொண்ட கிழியக் கத்துனா வேற என்ன ஆவும்? நான் எத்தன தடவ சொன்னேன், கேட்டியா நீ?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு காகிதத்தில் சூடாகப் பதில் எழுதி நீட்டினேன்.

"ஏட்டி, இரு. கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனார்கள்.

கண்ணாடி லேசில் அகப்படவில்லை. அதுவரை நான் எழுதியதை நானே படித்துக்கொண்டு நின்றேன். வாயால் சொல்லியிருந்தால் நியாயமாகத் தெரிந்திருக்கும். எழுத்தில் பார்க்கக் கூசியது. அதைக் கசக்கிவிட்டு, 'டீ போடவா?' என்று வேறொன்று எழுதிக் காட்டினேன்.

"இதுக்கா இம்புட்டு நேரம் எழுதுன?" என்றார்கள் மாமி.

காகிதம் போனாலும் கோபம் போகவில்லை. மறுநாள் விடியலில் சுபுஹு தொழுத பிறகு, தொழுகை விரிப்பான முசல்லாவை மடிக்காமல் அங்கேயே உட்கார்ந்து, அத்தனையையும் என்னைப் படைத்த ரப்புக்கு எழுதினேன். தினமும் எழுதினேன். முதலில் எல்லாம் மாமி மேல் புகார்தான். போகப்போகக் கேள்விகள் என் பக்கம் திரும்பின. குரல் போனதற்கு ஏன் இப்படிப் பயப்படுகிறேன்? ஒருநாள் அதற்குப் பதிலும் எழுதினேன். சத்தம் போடாவிட்டால் என்னை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறேன். எழுதி முடித்துப் பேனாவை வைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்தது. ரோட்டில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தன. எனக்கு அது தொந்தரவாகவே இல்லை.

ஒரு காலையில் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "தினமும் யாருக்கு எழுதுத?"

'அல்லாஹ்வுக்கு' என்று எழுதிக் காட்டினேன்.

கொஞ்சம் யோசித்தார்கள். "அப்ப எனக்கும் சேத்து எழுது. நான் சொல்லுதேன்."

மகன் ஊருக்கு வர வேண்டும் என்று கேட்பார்கள் என நினைத்தேன். மாமி கைகளை ஏந்திக்கொண்டு சொன்னார்கள்: "யா அல்லா, இவளுக்குக் குரலத் திருப்பிக் குடு. வீடு வீடா இல்ல. நான் பாட்டுக்குப் பேசுதேன், சொவரு கேட்டுக்கிட்டு இருக்கு. பழையபடி என்னைய எதுத்துப் பேசட்டும். ஆமீன்."

என்னால் எழுத முடியவில்லை. எழுத்து கலங்கித் தெரிந்தது. மாமி என் கையைத் தட்டி, "அழுதாலும் தொண்ட வலிக்கும்ட்டி. எழுது" என்றார்கள்.

குரல் வந்தது, முன்பைவிடத் தணிந்து. இப்போது வகுப்பில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். மாமியோடு வாக்குவாதம் இன்றும் உண்டு. பதில் சொல்லுமுன் ஒரு நொடி நிற்கிறேன், அவ்வளவுதான். காலையில் எழுதுவதை மட்டும் விடவில்லை. சில நாள் ஒரே வரி. அந்த ஒரு வரி அன்றைய பொழுதுக்குப் போதுமானதாக இருக்கிறது.

"இன்னைக்கு என்னையப் பத்தி உண்டா?" என்பார்கள் மாமி.

"உண்டு."

"நல்லதா, கெட்டதா?"

"அது எனக்கும் ரப்புக்கும் உள்ளது மாமி" என்பேன், வாய்விட்டே.