ராணி வேடம் போட்டவர்

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த நாளில், ஒரு மாலை நான்கு மணிக்கு அவன் பண்டார் ஹிலிர் சாலையை மறித்தான். மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போன என் மகள் அங்கே சிக்கிக்கொண்டாள். வயதுப் பெண்களைப் பிடித்துப் போகிறார்கள் என்று பேச்சு. காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

இன்று படம் வந்தால் ஊரே முண்டியடிக்கும் அந்த நடிகை, அப்போது அந்தச் சாலையிலிருந்த நாடகக் கொட்டகையில் ராணி வேடம் போட்டவர். ஒல்லி உடம்பு. மேடைப் பூச்சைக் கலைக்காமலே என் வாசல் வழியாக ரிக்‌ஷாவில் வீடு போவார்.

இருட்டுவதற்குள் அவர் ஒரு கூன் கிழவியோடு என் வாசலில் இறங்கினார். கிழவிக்கு முகமெல்லாம் சுருக்கம்.

“எம் பொண்ணப் பாத்தியாம்மா?” என்றேன்.

“பக்கத்துல நிக்கிறாளே அண்ணே! நான் போட்டுவிட்ட வேஷம், தேங்காயெண்ணெய் தடவினா போயிரும். சிப்பாய் முன்னால இவ இருமின இருமல்ல நானே பயந்துட்டேன்!”