சாம்பல் பொட்டலத்தோடு கடல் தாண்டிய ரஷீது

ரஷீதைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. அதனால் நான் சொல்கிறேன், என் பேத்தி எழுதுகிறாள். நடுவில் அழகுபடுத்தினால் கிழித்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ரஷீது ராயபுரத்துக்காரன். அவனுடைய அம்மா இருபது வருஷம் என் கூடையில்தான் மீன் வாங்கினாள். அவள் போன பிறகு அவன் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். பத்தொன்பது வயதில் கப்பலேறியவன். முதலில் சமையல்கட்டில் வெங்காயம் உரித்தான், அப்புறம் என்ஜின் அறையில் எண்ணெய் துடைத்தான், முப்பது வயதில் பிட்டர் ஆனான். கப்பலில் எந்தக் குழாய் எங்கே ஒழுகினாலும் அவனைத்தான் எழுப்புவார்களாம். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வீட்டில் இருக்கும்போதும் கை சும்மா இருக்காது. எங்கள் திருவொற்றியூர் குப்பத்துக்கு வந்தால் அடிபம்பில் டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்பான். கூலி கேட்க மாட்டான். நெத்திலி வறுத்துக் கொடுத்தால் போதும்.

இனி என் மகன் குமாரவேல் கதைக்கு வருகிறேன். அவன் கடலுக்குப் போகாமல் இரும்பு வார்க்கும் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தான். 2008-ல் கம்பெனி ஆளைக் குறைத்து, விருப்ப ஓய்வு என்று மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. விருப்பம் யாருடையதோ தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம் நடந்தது. டிபன் இலவசம். அமெரிக்காவில் வீட்டு விலை விழுந்து கிடக்கிறது, இங்கே ஒரு மினி லாரி வாங்குகிற விலைக்கு அங்கே தோட்டத்தோடு வீடு கிடைக்கும், ஆள் குடி வைப்பதும் வாடகை வாங்கி அனுப்புவதும் எங்கள் வேலை என்றார்களாம். குமாரவேல் ஒன்று வாங்கினான். படத்தைச் சட்டம் போட்டு மாட்டினான். வெள்ளை வீடு, சிவப்புக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் குதிரைத்தலை மாதிரி ஒரு விளக்கு.

வாடகை ஒழுங்காக வந்தது. ஐந்து மாதம், ஐந்தாம் தேதி தவறாமல். டீக்கடையில் அவனுக்கு “அமெரிக்கா வூட்டுக்காரரு” என்று பெயர் விழுந்தது. கேலிதான். ஆனாலும் அவனுக்குப் பிடித்திருந்தது.

மார்ச்சில், ஓட்டல் கூட்டத்தில் வீடு விற்ற டை கட்டின ஏஜண்டு வீட்டுக்கே வந்தான். அதே தெருவில் இன்னும் இரண்டு வீடு இருக்கிறது, மாதக் கடைசி வரைதான் இந்த விலை என்றான். அதற்குப் பணம்? நாங்கள் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்தால் கிடைக்கும். அந்த வீடு என் புருஷன் கட்டியது. பட்டா என் பேரில். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு தெருவையே கடல் தின்றுவிட்டது. அதற்குத் தப்பி நின்ற வீடு. அடமானப் பத்திரத்தில் என் பெருவிரல் ரேகை வேண்டும் என்றார்கள்.

நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

“அந்த வூட்ட ஆரு பாத்தது?” என்றேன்.

“போட்டோ கீதே, பாக்கல? வாடக வந்துகினுதானே கீது? அப்பால இன்னா ஒனக்கு?” என்றான் குமாரவேல்.

“வாடகையத்தான்டா நைனா கேக்கறேன். குடியிருக்கறவன் பேரு இன்னா?”

ஏஜண்டு சிரித்தான். “பாட்டி, அதெல்லாம் அந்த ஊர்ல சொல்ல மாட்டாங்க. அது அவங்க ரூல்ஸ்.”

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமான வருஷம் என் புருஷன் காசிமேட்டில் ஒரு பழைய படகு வாங்கினார். விற்றவன், “ஒரு வாரம் கூட வா, கைராசி எப்படின்னு பாரு” என்றான். தினமும் விடிகாலையில் கரைக்கு வரும்போது படகு நிறைய மீன். என் புருஷன் மயங்கிப்போனார். நான் மீன்காரி வீட்டுப் பெண். அந்த மீனின் கண்ணைப் பார்த்தேன், மங்கிக் கிடந்தது. ஐஸில் கிடந்த மீன். நடுக்கடலில் வேறு படகுக்காரனிடம் வாங்கி நிரப்பியிருக்கிறான். புது மருமகள், வாய் திறக்கவில்லை. வாங்கிய பத்தாம் நாள் படகு எண்ணூர் பக்கம் தண்ணீர் குடித்தது. ஆட்கள் நீந்தி வந்ததே பெரும்பாடு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பழைய படகு வாங்குமுன் அடித்தளம் முழுக்க அடுப்புச் சாம்பலைத் தூவி ஒரு நாள் தண்ணீரில் விடுவோம். கசிவு இருந்தால் சாம்பல் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நம்ம ஆள் ஒருத்தன் உள்ளே இறங்கிப் பார்க்காமல் காசைக் கொடுப்பதில்லை.

ஐந்தாம் தேதி தவறாத அந்த வாடகையை நினைத்தபோதெல்லாம் எனக்கு அந்த மங்கிய கண்தான் ஞாபகம் வந்தது.

“நம்மாளு ஒருத்தன் போய்ப் பாக்கட்டும். அப்பால விரல் வெக்கறேன்” என்றேன்.

“இன்னாம்மா நீ! அமெரிக்கா வூட்டுக்குச் சாம்பல் தூவப் போறியா?”

“ஆமாடா. தூவத்தான் போறேன்.”

அன்றிலிருந்து அவன் என் கையால் சாப்பிடவில்லை. மருமகள் ரேகா தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இருவர் முகத்தையும் பார்ப்பாள். பாவம்.

அந்த வாரம்தான் ரஷீது கப்பலேற வேண்டியிருந்தது. சொல்லிக்கொள்ள வந்தான். இந்தத் தடவை இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவில் ஒரு ஏரிக்குப் போகிறோம் என்றான்.

“ஏரியில கப்பலா? எங்கிட்டயே டபாய்க்கிறியா?”

“அந்த ஏரியப் பாத்தா நம்ம புழல் ஏரி வெக்கப்பட்டு வத்திப்பூடும்மா. அந்தாண்ட கரையே தெரியாது.”

குமாரவேலின் காகிதத்தில் இருந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ரஷீது நிமிர்ந்தான். “நாங்க எறக்குற ஊரு இதான். மே மாசம் அங்க இருப்பேன்.”

கடவுள் எந்த வழியாக வருவார் என்று யார் கண்டது. காஸ் அடுப்பு வந்த பிறகும் விறகடுப்பை விடமாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு அன்றைக்கு வேலை வந்தது. ஒரு கை சாம்பலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மாதக் கடைசி வந்தது. ஏஜண்டு, “உங்களுக்காக ஏப்ரல் பத்து வரைக்கும் பேசியிருக்கேன்” என்றான். பத்தும் போனது. மே பதினைந்து என்றான். கெடு நகர நகர என் சந்தேகமும் தடித்தது. கிராக்கி இருக்கிற மீனை எவனாவது உச்சி வெயில் வரை கூடையில் வைத்திருப்பானா?

மே இரண்டாம் வாரம் ஒரு காலையில் ரேகாவின் போன் அடித்தது. ரஷீது. எல்லாருக்கும் கேட்கும்படி அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“எம்மா, போய்ப் பாத்துட்டேன்.”

“சொல்லு நைனா.”

“தெருவுல பாதி வூடு இல்லம்மா. சிலது எரிஞ்சி கெடக்குது. நம்ம வூட்டுக்கு ஜன்னல்ல பலக அடிச்சி வெச்சிக்கீறாங்கோ. கதவு தெறந்துதான் கெடந்துது. மொதல்ல பைப்பத்தான் பாத்தேன். ஒண்ணு கூட இல்ல. செவுத்த ஒடைச்சி செப்புக் கொயா மொத்தத்தையும் உருவிகினு போயிக்கீறானுங்கோ.”

குமாரவேல் போனைப் பிடுங்கினான். “டேய், நீ வேற வூட்டப் பாத்துட்டுப் பேசுறே.”

“நம்பர் சொல்லட்டா?” ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். குமாரவேல் சுவரிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். “கதவாண்ட குதுரத்தல வெளக்கு ஒண்ணு கீதாடா?”

“வெளக்கு பூட்ச்சி. அது இருந்த தடம் கீது. செவப்பு பெயின்ட்டும் கீது.”

ரஷீது மெதுவாகச் சொன்னான். “எதுத்த வூட்டுல ஒரு கெய்வி. என்னப் பாத்து, முனிசிபாலிட்டி ஆளான்னு கேட்டுச்சி. மூணு வருசமா அங்க ஒரு ஈ காக்கா இல்லியாம். கதவுல நோட்டீசு ஒட்டிக்கீது. இடிக்கப் போறாங்களாம், இடிக்கிற கூலி ஓனரு குடுக்கணுமாம். பழைய வரி பாக்கி வேற. அதும் வூட்டோட வர்றதாம்.”

நான் கேட்டேன்: “ஆருமே இல்லாத வூட்டுக்கு வாடக ஆரு குடுத்தாங்கோ?”

அதற்குக் குமாரவேலே பதில் சொன்னான், படத்தைப் பார்த்துக்கொண்டே. “நான்தாம்மா குடுத்துக்கீறேன். நான் குடுத்த துட்டுலர்ந்தே எடுத்து எனக்கே வாடகன்னு அனுப்பிக்கீறான்.”

வாங்கி நிரப்பின மீன்.

“எம்மா,” என்றான் ரஷீது, “கோச்சிக்காத. நீ குடுத்த சாம்பலத் தூவ எடமே இல்ல. தரைக்கு அடியில ஒரு ரூம்பு கீது, அதுல முட்டி வரிக்கும் தண்ணி.”

ஏஜண்டு கெடுவன்று பத்திரத்தோடு வந்தான். குமாரவேல் வாசலிலேயே நிறுத்தினான். “குடியிருக்கறவராண்ட ரெண்டு நிமிசம் பேசணும். போன் போட்டுக் குடு” என்றான். அவன் ரூல்ஸ் என்று ஆரம்பித்தான். “ரூல்ச ஒன் ஆபீசுல வெச்சிக்கோ. நட” என்றான் குமாரவேல். அடுத்த மாதம் வாடகை வரவில்லை. அதற்கடுத்த மாதம் ஆபீசே இல்லை. கூட்டத்தில் இவனோடு டிபன் சாப்பிட்ட வண்ணாரப்பேட்டை துணிக்கடைக்காரர் ஒருவர் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்து மூன்று வீடு வாங்கியிருந்தார். அவர் இப்போது மணலிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். குமாரவேல் முதல் வீட்டுக்குப் போட்டது போனதுதான். இடிக்கிற கூலி கேட்டு அந்த ஊரிலிருந்து இரண்டு கடுதாசி வந்தது. நாங்கள் இழந்தது அவ்வளவோடு நின்றது. என் புருஷன் கட்டிய கூரைக்குக் கீழேதான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நின்றது எப்படி என்பதில் நான் அறியாத ஒன்று இருந்தது. ரஷீதின் பெண்ஜாதி பல மாதம் கழித்துச் சொன்னாள். கப்பல் அந்த ஊரில் ஒரே நாள்தான் நின்றதாம். அன்றைக்குத்தான் அவர்கள் மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்து, இவன் போனுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் போனையும் போடாமல் இவன் பஸ் பிடித்து, மீதித் தூரம் குளிரில் நடந்து, எங்கள் அமெரிக்கா வீட்டைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்ப நாலு மணி நேரம் தாமதம். மிச்ச ஏழு மாதமும் எந்த ஊரிலும் கரையிறங்கக் கூடாது என்று கேப்டன் தண்டனை போட்டுவிட்டார். ஏழு மாதம் இரும்புக்குள்ளேயே. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவன். சம்பந்தம் கூடிவிட்டது, அதற்கும் நான்தான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், தர்காவுக்குச் சர்க்கரை வைத்தேன், எங்கள் அம்மனுக்கும் கூழ் ஊற்றினேன். யாரையும் விடவில்லை.

அவன் திரும்பி வந்ததும் கேட்டேன், “எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“இதுல இன்னாம்மா கீது. லீக்குன்னா ஆளு போய்ப் பாக்கணும். போன்லயா பாப்பாங்கோ?” என்று சொல்லி நெத்திலித் தட்டை இழுத்துக்கொண்டான்.

குமாரவேல் வெட்கத்தில் கொஞ்ச நாள் அவன் முகத்தில் விழிக்கவில்லை. பொங்கல் கழிந்து, மிச்சமிருந்த தொகையில் பழைய மினி லாரி ஒன்று வாங்கலாம் என்று நினைத்தபோது, தானே ராயபுரம் போய் அவனை அழைத்து வந்தான். வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. ரஷீது என்ஜினில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். விற்க வந்தவன் அவசரப்பட்டான்.

குமாரவேல் என் அடுப்படிக்கு வந்தான். ஒரு வருஷம் கழித்து.

“எம்மா, கொஞ்சம் சாம்பல் குடு.”

ரஷீது வெளியிலிருந்து கத்தினான். “டேய், வண்டிக்கு எதுக்குடா சாம்பலு?”

“அடியில தூவி வெக்கறேன். நாளைக்கு வரிக்கும் நிக்கட்டும். எண்ண சொட்னா தெரியும்ல?”

ஒரு முறம் நிறைய அள்ளிக் கொடுத்தேன். அன்றைக்கு இருவரும் என் கையால்தான் சாப்பிட்டார்கள்.