பலெர்மோவில் பெல் அடிக்கக் கூடாத வீடு

மத்தியதரைக் கடலில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போய் வந்ததிலிருந்து, ஃப்ரீமான்ட்டில் என்னைப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கப்பல்காரர்கள் விற்கும் கரைச் சுற்றுலாவை வாங்குவதா, நாமே இறங்கிச் சுற்றிக்கொள்வதா? மளிகைக் கடையில் பில் போடும் வரிசையில் நின்றபடி ஒருவருக்கு இதை விளக்கியதில் என் கொத்தமல்லி வாடிவிட்டது. எனவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

போனது ஜூன் இரண்டாம் வாரம், பள்ளிகள் மூடிய கையோடு. நானும் மனைவி சுதாவும் ஒரு குடும்பம். எங்கள் மகனையும் கூப்பிட்டோம். பெற்றோருடன் கப்பலில் ஏழு நாள் என்று கேள்விப்பட்ட அதே வாரம் அவனுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. இன்னொரு குடும்பம் நண்பர் அன்ரன், அவர் மனைவி ஷாமினி, பதினான்கு வயது மகள் ரேச்சல். அன்ரன் யாழ்ப்பாணத்துக்காரர், மில்பிடாஸில் சிப் சோதிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். நான் ஈரோட்டுக்காரன், சன்னிவேலில் மென்பொருள் வேலை. என்னைவிட மூன்று வயது சிறியவர் என்பதால் அண்ணை என்பார்.

பார்சிலோனாவில் சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை அங்கேயே இறங்க வேண்டும். நடுவில் மார்செய், லிவோர்னோ, சிவிதவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ, பிறகு ஒரு நாள் வெறும் கடல். அறை பதிவு செய்ய இருபது நிமிடம் ஆனது. கரையில் இறங்கி என்ன செய்வது என்று தீர்மானிக்க மூன்று மாதம் ஆனது. பொறியாளர்கள் இரண்டு பேர் சேர்ந்து விடுமுறைக்குப் போனால் அது விடுமுறை ஆவதற்கு முன்பு ஒரு ஷீட் ஆகிவிடும். எங்கள் ஷீட்டில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு தாள். மணிக்கு ஒரு கட்டம். பார்க்க வேண்டிய இடம் பச்சை, சாப்பாடு மஞ்சள், கழிப்பறை நீலம். ரோமானியப் பேரரசே இவ்வளவு திட்டமிட்டு நடந்திருக்குமா என்று சந்தேகமாக இருந்தது.

அடிப்படை விதி ஒன்றுதான். கப்பல் காலையில் கரைக்கு வரும், மாலையில் கிளம்பும். அவர்கள் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் நமக்குக் கையசைத்துவிட்டுப் போகும்; அடுத்த துறைமுகத்துக்கு நாம் சொந்தச் செலவில் போய்ச் சேரவேண்டும். இந்தப் பயத்துக்குத்தான் கப்பல்காரர்கள் விலை போடுகிறார்கள். ரோமுக்கு அவர்களின் பேருந்து ஒரு ஆளுக்கு 189 டாலர். சிவிதவெக்கியாவிலிருந்து எண்பது கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேர ரயிலுக்கு ஐந்து யூரோவுக்குள் டிக்கெட். நாங்கள் ரயிலில் போனோம், இரண்டு மணி நேரம் முன்னதாகவே திரும்பினோம். லிவோர்னோவிலிருந்து ஃப்ளோரன்ஸ் தொண்ணூறு கிலோமீட்டர், அதுவும் ரயில்தான். நேப்பிள்ஸிலிருந்து பாம்பேய் நாற்பது நிமிடம். எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊரை வெயிலில் நான்கு மணி நேரம் பார்த்த பிறகு ரேச்சல் ஒரே ஒரு கருத்துச் சொன்னாள்: "தே ஹேட் ஃபாஸ்ட் ஃபுட்." உண்மைதான். தெருவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை, கல்லாலான கல்லாப்பெட்டி மேடையோடு.

பலெர்மோ தாளில் மட்டும் அன்ரன் ஒன்றும் போடவில்லை. காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை வெள்ளைக் கட்டங்கள். இரண்டு வாரம் பார்த்தேன். மறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, நானே நிரப்பினேன்: மொன்றியாலே கதீட்ரல், பிறகு ஒலிவத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு, காலை 9:30 முதல் மாலை 3:30 வரை, ஆளுக்கு 112 டாலர், சைவம் சொல்லி வைத்தால் உண்டு. ரத்து செய்தால் பணம் வராது. ஐந்து பேருக்கும் வாங்கிவிட்டு, கட்டத்துக்குப் பச்சையும் அடித்தேன். அன்ரன் குரூப்பில் ஒரு கட்டைவிரல் போட்டார். ஒருவர் வெறுமையாக விட்டது வேண்டுமென்றே விட்டதாக இருக்கலாம் என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்லித்தருவதில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பலெர்மோ துறைமுகத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் அன்ரன் சொன்னார்.

"அண்ணை, நான் வரேல்லை. பிள்ளையையும் ஷாமினியையும் நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ."

"உடம்புக்கு முடியலையா?"

"இல்லை. அக்கா இங்க இருக்கிறா."

அவருக்கு ஒரு அக்கா இருப்பதே எனக்குத் தெரியாது. பத்து வருடப் பழக்கம். ஷாமினி என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்த ஏழெட்டு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது.

அக்கா பெயர் ஜெசிந்தா. இருபத்திரண்டு வருடமாகப் பலெர்மோவில், தனியாக வாழும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, அங்கத்திய வழக்கில் சிஞோராவை, பார்த்துக்கொள்ளும் வேலை. பதினொரு வருடத்துக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் இவர்களுடைய தாயார் இறந்தபோது அக்கா இங்கிருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்ரனின் கிரீன் கார்டு அப்போது பாதியில் நின்றது. வெளியேறுவதற்கான முன் அனுமதி கையில் வரவில்லை. அது இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு என்றார் வக்கீல். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. அன்ரன் இறுதிச் சடங்கைப் போனில் பார்த்தார். அக்கா அதன் பிறகு அவரோடு பேசவில்லை.

"முகவரி ரொறொன்ரோ மச்சாள் தந்தவ. போன மாசம் மெசேஜ் போட்டனான், இந்தத் தேதிக்கு வாறன் எண்டு. இதுதான் பதில்."

போனைக் காட்டினார். *ஒண்டரைக்குப் பிறகு வா. பெல் அடிக்காதே.*

"இது வரச்சொல்றாங்களா, வேண்டாங்கிறாங்களா?" என்றேன்.

"அதுதான் தெரியேல்லை. அதாலதான் பிள்ளையைக் கொண்டு போகேல்லை. கதவைச் சாத்தினா அவள் பாக்கக் கூடாது." போனைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் வருவீங்களோ? நாலரைக்குக் கப்பல் எண்டு சொல்ல ஒரு ஆள் பக்கத்தில நிண்டா, எழும்பி வர எனக்கு ஒரு சாட்டாவது இருக்கும்."

சுதாவைப் பார்த்தேன். "போங்க. ஒலிவ மரத்தை நாங்க பாத்துக்கறோம்," என்றாள்.

இனி பலெர்மோ பற்றி. துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, டாக்சி தேவையில்லை. பல்லாரோ சந்தை நடந்தால் இரண்டரை கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். வாள்மீனின் தலையை மூக்கு வானம் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் குண்டாக, ஊதா நிறத்தில், ஒரு குழந்தையின் எடையில் இருக்கிறது. கொண்டைக்கடலை மாவைச் சதுரமாகப் பொரித்து ரொட்டிக்குள் வைத்து மூன்று யூரோ. நம் பஜ்ஜியின் தூரத்து உறவு, காரம் மட்டும் பரம்பரையில் விட்டுப்போயிருக்கிறது. ஒரு சந்தில் தமிழில் பெயர்ப்பலகை. உள்ளே கருவாடு, குரக்கன் மா என்கிற கேழ்வரகு மாவு, இடியப்பத் தட்டு. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கயிருந்து?"

"கலிஃபோர்னியா," என்றேன்.

"வேலைக்கோ வந்தனீங்கள்?"

"இல்லைங்க, சுத்திப் பாக்க."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "வேலை எண்டா இப்ப கஷ்டம்," என்றார் பரிவோடு. "இத்தாலியன் கதைக்கத் தெரிஞ்சா வயசாளிகளைப் பாக்கிற வேலை கிடைக்கும். பேப்பர் இருக்கோ?"

அன்ரன் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒன்று முப்பத்து நான்குக்கு மக்கேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் கீழே நின்றோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அன்ரன் மெசேஜ் போட்டார். மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தெருக்கதவின் பூட்டு தானாக விடுபட்டது.

மேலே கதவைத் திறந்தவர் குள்ளமாக, நரைத்த தலையோடு, ஏப்ரன் கட்டியிருந்தார். அன்ரனைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"சிஞோரா படுக்கிறா," என்றார் கிசுகிசுப்பாக. "மூண்டு மணிக்கு எழும்புவா. எழுப்பினா எனக்கு வேலை போயிடும். செருப்பைக் கழட்டுங்கோ. நடந்தா பலகை கத்தும்."

ஆக, இதுதான் அந்த ஒற்றை வரியின் பொருள். பெல் அடிக்கக் கூடாது என்றால் பெல் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்ரன் ஒரு மாதமாக அதைக் கல்வெட்டு மாதிரி ஆராய்ந்திருக்கிறார்.

சமையலறையில் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு முள்கரண்டி. அன்ரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னைப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்தார்.

"சிஞோராவுக்குச் செய்த பாஸ்டாதான். கறி மணம் அவவுக்கு ஒத்துக்கொள்ளாது. இந்தாங்கோ, தூள்." ஒரு பிஸ்கட் டின்னில் அவருடைய சொந்த மிளகாய்த்தூள் இருந்தது. வறுத்த, கறுத்த, யாழ்ப்பாணத்துத் தூள். கத்தரிக்காய் பாஸ்டாவுக்கு அது பொருந்தும் என்பதை இத்தாலியர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அன்ரன் பையிலிருந்து கலிஃபோர்னியா பாதாம் மூன்று பவுண்டு எடுத்து வைத்தார். அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பாதாமோ? இங்க இது ரோட்டுக்கரையில காய்க்குது."

பிறகு சண்டை தொடங்கியது. பதினொரு வருடச் சண்டை, முழுவதும் கிசுகிசுப்பில். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குரலை உயர்த்த வேண்டிய இடத்திலெல்லாம் அக்கா கண்களை உயர்த்தினார்.

"பெட்டிக்குப் பக்கத்தில போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். நீ பாக்கிறதுக்கு. ரெண்டு மணித்தியாலம். எல்லாரும் அழ, நான் கை ஆடாமப் பாத்துக்கொண்டு நிண்டன்."

"வெளிக்கிட்டா திரும்ப உள்ள விடமாட்டாங்கள் எண்டு லோயர் சொன்னவன், அக்கா."

"லோயர் சொன்னவன். அம்மா ஒண்டும் சொல்லேல்லைத்தானே."

"கார்டு வந்த பிறகு ஃபோன் எடுத்தனான். நீ எடுக்கேல்லை."

"கையில வேலை இருந்தது."

"பதினொரு வருசமோ?"

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. மூவரும் மூச்சைப் பிடித்தோம். ஒரு இருமல், பிறகு அமைதி. அக்கா மெதுவாக மூச்சை விட்டார். அதோடு சண்டையின் காற்றும் கொஞ்சம் போய்விட்டது மாதிரி இருந்தது.

"பிள்ளை எங்க?" என்றார்.

அன்ரன் என்னைப் பார்த்தார். மொன்றியாலே, ஒலிவத் தோட்டம், 3:30 வரை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை இருக்கும் ஊருக்கே ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து, அவளை இருபது கிலோமீட்டர் தள்ளி மரம் பார்க்க அனுப்பியவன் என்கிற முறையில், என் பாஸ்டாவைக் கவனமாகச் சாப்பிட்டேன்.

வீடியோவில் கூப்பிட்டார்கள். ரேச்சல் முகம் தெரிந்தது, பின்னால் இலைகள்.

"மாமிக்கு ஹலோ சொல்லு," என்றார் அன்ரன் கிசுகிசுப்பாக.

"ஹாய் மாமி," என்றாள், அவளும் தானாகக் குரலைத் தாழ்த்தி. "வை ஆர் வி விஸ்பரிங்?" கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "யூ லுக் லைக் டாட்."

"என்னவாம்?"

"நீ என்னை மாதிரி இருக்கிறியாம்."

"நான் மூத்தவள்," என்றார் அக்கா, ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீதான் என்னை மாதிரி எண்டு அவளுக்குச் சொல்லு."

இரண்டு ஐம்பத்தைந்து. நாலரைக்குக் கப்பல் என்று சொல்வதற்காகத்தான் அன்ரன் என்னை அழைத்து வந்திருந்தார். நடந்தால் முப்பத்தைந்து நிமிடம், வழியில் தாமதமானால் இன்னும் இருபது, போதுமான நேரம் இருந்தது. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அக்காவே எழுந்து தட்டுகளை எடுத்தார்.

"எழும்பு. அவ எழும்பப் போறா. ஓகஸ்டில சிஞோரா மகளோட மலைக்குப் போவா, எனக்கு மூண்டு கிழமை லீவு. பிளேனில வா. பிள்ளையையும் கொண்டு வா. கப்பலில வாற ஆக்களோட என்னத்தைக் கதைக்கிறது."

கதவு சத்தமில்லாமல் மூடியது. பாதாமைத் திருப்பித் தரவில்லை.

மூன்று ஐம்பதுக்குக் கப்பலில் இருந்தோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரோம், ஃப்ளோரன்ஸ், பாம்பேய் மூன்றையும் ரயிலில் நீங்களே பார்க்கலாம். திரும்பும் ரயிலை மட்டும் கப்பல் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வேலைநிறுத்தம் உண்டா என்று முந்தின இரவே பாருங்கள், அங்கே அது பருவமழை மாதிரி, அறிவித்துவிட்டு வரும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கப்பலைப் பதிவு செய்வதற்கு முன்பே ஷெங்கன் விசாவுக்கு நேரம் கேளுங்கள். மொன்றியாலே மொசைக் அற்புதம் என்று சுதா சொல்கிறாள். மதியச் சாப்பாட்டில் சைவம் என்றால் மீன் இல்லாத சாலட் என்றும் சொல்கிறாள். சுற்றுலா வாங்குவதற்கு முன்பு, கூட வருகிறவர்களிடம் வாய்விட்டு ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கட்டைவிரலை நம்பாதீர்கள்.

அன்ரன் ஆகஸ்டில் குடும்பத்தோடு போனார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டு இடத்தில் விமானம் மாறி, இருபத்தோரு மணி நேரம். சந்தைக்குப் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள்; அக்காவும் அங்கேயே வந்துவிட்டாராம். இந்தப் பதிவில் சேர்க்க உதவுமே என்று போன வாரம், அவர்கள் அங்கே இருக்கும்போதே கூப்பிட்டு, என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் பாக்கேல்லை அண்ணை."

"பத்து நாளா என்ன பண்றீங்க?"

"சண்டைதான் பிடிக்கிறம்," என்றார். பின்னால் யாரோ பாத்திரத்தை வைக்கும் சத்தமும், அதற்கு மேலே ஒரு பெண்குரலும் கேட்டன. "இப்ப சத்தமாப் பிடிக்கலாந்தானே."