கொழுந்து லொறியும் நான் நெருக்கி வைத்த ரிங்கும்

"அண்ணே, நான்தான் கொன்னுட்டேன். நீங்க பூட்டுன எஞ்சினை மிதிச்சே கொன்னுட்டேன்."

கஹவத்தையில் எங்கள் கராஜ் வாசலில் நின்று முருகேசு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் டிரைவர். லொறி கடைவீதி முதலாளி ஒருவருடையது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது என் வேலை.

விஷயம் இதுதான். பாரம் ஏற்றினால் ஃபெக்டரி மேட்டில் லொறி முக்கி முனகும். டேர்போ உள்ளே தள்ளுகிற காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்டை, கூட்டித் தரச் சொன்னார் முதலாளி. சும்மா ஸ்குரூவைத் திருப்பிவிட்டு அனுப்புகிற ஆள் நான் இல்லை. உள்ளே பலம் இல்லாமல் பூஸ்டை ஏற்றினால் எஞ்சின் வாயைப் பிளந்துவிடும். கெட்டியான பிஸ்டன், புது கொன்ரொட் போல்ட், தடித்த ஹெட் ஸ்டட் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

பிஸ்டன் ரிங்கின் இரண்டு நுனிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கோ ஒரு பழக்கம். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைப்பார்கள். ரிங்கைத் தாண்டிக் கசிகிற காற்று கையில் தட்டினால் பாஸுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு, வேலை தெரியாது என்று கதை கிளம்பிவிடும். அந்தப் பெயருக்குப் பயந்து நுனிகளை நெருக்கி வைத்தேன். முதலாளி கையை வைத்துப் பார்த்து, "ஷா! மூச்சே வரலியே பாஸ்!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் அதே மேட்டில் எஞ்சின் இறுகி நின்றது.

"கண்ணுமண்ணு தெரியாம மிதிச்சிருக்கான். இனி அவன் கையில சாவி குடுக்கமாட்டேன்" என்றார் முதலாளி. முருகேசுவும் அதை நம்பிவிட்டான், பாவம்.

கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனில் ரிங் உட்காரும் இடம் உடைந்திருந்தது. ரிங்கை எடுத்தால் இரண்டு நுனியும் பளபளவென்று மின்னின. அட, மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பூஸ்ட் கூடினால் சூடு கூடும், சூட்டில் ரிங் நீளும். நீளுவதற்கு நான் இடமே விடவில்லை. நுனிகள் முட்டி, ரிங் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கராஜில் இது வேறு யாருக்கும் விளங்காது. ரிங்கை வீசியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

மனசு கேட்கவில்லை. ரிங்கை எடுத்துக்கொண்டு, முருகேசுவையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போனேன்.

"முதலாளி, இவன் மேல தப்பே இல்லீங்க. நான் இடம் விடாம பூட்டிட்டேன். நானே திரும்பச் செஞ்சு தர்றேங்க."

கடையில் ஆள் இருக்கும்போதே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கத்தி ஓய்ந்த பிறகு, முதலாளி மேசை லாச்சியைத் திறந்து சாவியை எடுத்து முருகேசு பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும் அவன் என்னை ஏசுவான் என்றுதான் நினைத்தேன். கிரீஸ் படிந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலியாண்ணே? ரெண்டு நாளா வூட்ல யார் முகத்தையும் பாக்கலண்ணே நானு."

எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பூஸ்ட் ஏற்றிய எஞ்சின்கள் எத்தனையோ பூட்டினேன். இடைவெளியை அளக்காமல் ஒரு ரிங்கும் உள்ளே போனதில்லை. அப்படியும் ஏதாவது உடைந்து வந்தால், டிரைவரை ஒரு வார்த்தை கேட்கும் முன்னால் என் வேலையைக் கழற்றிப் பார்ப்பேன். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். நீங்கள் பார்த்து முடிக்கும்வரை ஒருவன் தன் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.