மிக்கேலின் இடுப்புக் கத்தி

பளபளக்கும் கத்திகள் ஜெஃப்ரிக்கு ஏன் சலித்துப்போயின?

கப்பல்காரர்களிடம் வாங்கி வாங்கி அடுக்கியவனுக்கு, பிறகு உப்பு அரித்த கத்திதான் அழகாகத் தெரிந்தது. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் மிக்கேலின் இடுப்புக் கத்தியைக் கேட்டான். கடலடியில் வலை சுற்றினால் அறுத்துக்கொண்டு வருவதற்கான கத்தி அது.

“துருப்பிடிச்சத வச்சு என்னலே செய்யப்போற? இந்தா, ஜெர்மன் மடக்குக் கத்தி,” என்று நீட்டினான் ஜெஃப்ரி.

மிக்கேல் சிரித்தபடி மாற்றிக்கொண்டான். அடுத்த வாரமே வலை அவன் வலது கையைச் சுற்றியது. ஒற்றைக் கையால் மடக்கைத் திறக்க முடியவில்லை. மூடிய கத்தியோடு பிணம்தான் மேலே வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெஃப்ரி மிக்கேலின் மனைவி ஜெனோவாவிடம் வந்தான்.

“அந்த மடக்குக் கத்தியத் தாங்கக்கா. இப்பந்தான் அதுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கு.”

“அவரு கத்தி எங்கலே?”

“அதுவா? சலிச்சுப்போச்சு, வித்துட்டேன்.”

சங்கு குளிக்கப் போகிறவர்கள் யாரையாவது தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.